ஒற்றைத் தும்மல்

பல்லுக்காகவா ஆஸ்பத்திரியில் போய்ப் படுத்தாய் என்று இன்றைக்கும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆமாம், பல்லுக்காகத்தான். மயக்க மருந்து கொடுத்து, இடுப்பைக் கீறி எலும்பெடுத்து, கன்னத்து எலும்பில் ஜன்னல் வெட்டி, இத்தனையும் மூன்று பற்களுக்காக. கேட்கிறவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வது எனக்குத் தெரியும். எதையும் அடக்குகிறவர்களைக் கண்டாலே எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

என்னோடு வேலை பார்த்த ஒருத்திக்கு அதே அறுவையைச் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். போன வாரம் போன் செய்து, "வலிக்குமாக்கா?" என்றாள். "உனக்குத் தும்மல் வந்தா என்ன பண்ணுவே?" என்று திருப்பிக் கேட்டேன். அக்காவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பாள். அவளுக்காகத்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் தாம்பரம் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தேன். எந்த வண்டி எந்த நடைமேடைக்கு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற குரல் என்னுடையது. சின்ன அறை, ஒரு மைக், ஒரு மின்விசிறி. மைக்கைப் போடும்போது விசிறியை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் அந்த இரைச்சல் நடைமேடை முழுக்கக் கேட்கும். வேர்க்க விறுவிறுக்கப் பேசிவிட்டு விசிறியைப் போட்டுக்கொள்வேன். பெரிய உத்தியோகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் கூட்டத்தில் ஆயிரம் பேர் என் குரலைக் கேட்டு ஓடுகிறார்கள் என்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு.

எண்பதுகளில், என் பெண் பிறந்த சமயம், மேல்வரிசையில் இடது பக்கக் கடைவாய்ப் பற்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சொத்தையாகின. அப்போதெல்லாம் எங்கள் பக்கம் பல் வைத்தியம் என்றால் பிடுங்குவதுதான். பிடுங்கின டாக்டரே கட்டுப் பல்லும் செய்து கொடுத்தார். அண்ணத்தோடு ஒட்டி உட்காரும் ரோஜா நிறத் தகடு, அதன் ஓரத்தில் மூன்று பற்கள், பக்கத்துப் பல்லில் மாட்டிக்கொள்ள ஒரு கம்பி. பல வருஷம் அது ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ஈறு வற்றத் தொடங்கியது, தகடு ஆடத் தொடங்கியது. 'ச' என்று சொல்லும்போதெல்லாம் காற்று தகட்டுக்கும் அண்ணத்துக்கும் நடுவில் புகுந்து ஒரு சீழ்க்கை வரும். எங்கள் பாதையிலோ சைதாப்பேட்டை, சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு என்று வரிசையாக எனக்கென்றே வைத்த ஊர்கள்.

ஒரு நாள் மாலை நெரிசலில், செங்கல்பட்டு என்று சொல்லி முடிப்பதற்குள் தகடு கழன்று மைக் மேல் விழுந்தது. டொக் என்ற அந்தச் சத்தம் எல்லா நடைமேடையிலும் கேட்டது. சிரித்தார்கள். அது போகட்டும். அடுத்த மாதம் அறிவிப்பு புரியவில்லை என்று இரண்டு புகார் வந்தது. மேலதிகாரி நல்ல மனிதர், என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பார்சல் ஆபீஸ்ல ஒரு இடம் காலியா இருக்கு, அங்க டென்ஷன் இருக்காது மேடம். இந்தத் தீபாவளிலேர்ந்து ஒரு வருஷம் பார்ப்போம்" என்றார். எனக்கு ஒரு வருஷம் கெடு என்று புரிந்தது. வீட்டுக்கு வந்து அழுதேன்.

குரோம்பேட்டையில் அப்போதுதான் ஓர் இளம் டாக்டர் வந்திருந்தார், ஸ்டீபன் என்று பெயர். தாடை எலும்பில் டைட்டானியம் திருகு பதித்து அதன்மேல் பல் கட்டுவது அவருடைய படிப்பு. அண்ணத்தில் தகடு வேண்டாம், கழற்றி மாட்ட வேண்டாம், சொந்தப் பல் மாதிரியே நிற்கும். தொண்ணூறுகளின் பாதியில் அது எங்கள் பக்கத்தில் யாரும் கேள்விப்படாத வைத்தியம். எக்ஸ்ரேயை விளக்கு முன்னால் பிடித்துப் பார்த்தவர் உதட்டைப் பிதுக்கினார்.

"திருகு இறங்கறதுக்கு எலும்பு இல்லையே மேடம்."

கன்னத்துக்குள், மேல்வரிசைப் பற்களுக்கு மேலே, காற்று நிறைந்த ஒரு குகை இருக்கிறது. அதுதான் சைனஸ். பல் போய்விட்டால் கீழே தாங்க ஆளில்லாமல் அந்தக் குகை இறங்கிக்கொண்டே வரும், நடுவில் இருக்கிற எலும்பு காகிதமாகத் தேயும். எனக்குப் பத்து வருஷத்துக்கு மேல் இறங்கியிருந்தது. அதற்குச் செய்வதுதான் இந்த அறுவை. ஈறுக்கு மேலே எலும்பில் ஜன்னல் திறந்து, குகையின் அடியில் ஒட்டியிருக்கும் சவ்வை மெல்ல மேலே தூக்கி, தூக்கிய இடத்தில் எலும்புத் துகளை நிரப்ப வேண்டும். மாதக்கணக்கில் காத்திருந்தால் அது சொந்த எலும்பாக இறுகும். பிறகுதான் திருகு, அதற்கும் பிறகுதான் பல்.

"சவ்வு எவ்வளவு தடிமன் சார்?" என்று என் கணவர் தனசேகர் கேட்டார். சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்துத் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர், எதற்கும் தடிமன் கேட்பார்.

"முட்டை ஓட்டை உரிச்சா உள்ள ஒரு தோல் இருக்கும் பாருங்க, அவ்வளவுதான். அது கிழியாம இருக்கணும். ஆபரேஷன்ல கிழியாம நான் பார்த்துக்கறேன். அதுக்கப்புறம் மேடம் பார்த்துக்கணும்."

வீட்டில் இதைச் சொல்லிப் புரியவைத்தது பெரிய வேலையாக இருக்கும் என்று பயந்தேன். என் மாமனார் ஏகாம்பரம் ராஜகீழ்ப்பாக்கத்து ஆள், ஏர் பிடித்தவர். வயலெல்லாம் மனையானபின் மனைகளை விற்றும் வாடகைக்கு விட்டும் ஓட்டிக்கொண்டிருந்தார். மாமியார் இல்லை. என் பெண் வெளியூரில் விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நாங்கள் இருவர், மாமனார், கல்யாணத்துக்கு நிற்கிற நாத்தனார் வசந்தா. மாமனார் எக்ஸ்ரேயைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நான் சொல்வதையெல்லாம் கேட்டார்.

"ரோடு ஒசந்து வூடு பள்ளமாப் போச்சுன்னா, மண்ணு கொட்டித் தளம் ஏத்தறோமே, அந்த மாதிரி. அவ்ளோதானே?"

"அவ்வளவுதான் மாமா."

"மண்ணு எங்கேர்ந்து எடுக்கறாங்க?"

"என் இடுப்பு எலும்பிலேர்ந்து."

"சொந்த நெலத்து மண்ணு. அப்ப பயமில்ல" என்று எக்ஸ்ரேயைத் திருப்பிக் கொடுத்தார். டாக்டர் அரைமணி நேரம் சொன்னதைவிட எனக்கு அது தெளிவாக இருந்தது.

மாமனாரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அவருக்குச் சகுனம் முக்கியம், அதிலும் தும்மல் மிக முக்கியம். யாராவது வெளியே கிளம்பும்போது வீட்டில் ஒற்றைத் தும்மல் கேட்டால் போகிற காரியம் விளங்காது. இரட்டையாக வந்தால் பரவாயில்லை, நல்லதுகூட. ஒற்றை கேட்டுவிட்டால் திரும்பி வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுப் போக வேண்டும். வசந்தாவுக்கு முதலில் வந்த வரனைப் பேசப் போனபோது பக்கத்து வீட்டம்மாள் ஒன்று போட்டுவிட்டாள். இவர் திரும்பி வந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போனார். அப்படியும் வரன் தட்டிப் போனது. அதிலிருந்து அவருக்குத் தண்ணீர் மேலும் நம்பிக்கை போய்விட்டது. இதில் வேடிக்கை, அவர் மூக்குப்பொடி போடுகிறவர். நாற்பது வருஷப் பழக்கத்தில் மூக்கு மரத்துப்போய், அவர் மட்டும் தும்மவே மாட்டார். நாங்கள்தான் மாட்டிக்கொள்வோம். கல்யாணமாகி வந்த புதிதிலேயே நான் பழகிக்கொண்டேன்: யாராவது செருப்பை மாட்டும்போது மூக்கு அரித்தால், இரண்டு விரலால் மூக்கை இறுக்கி, வாயை மூடி, தும்மலை உள்ளேயே விழுங்கிவிடுவது. யோசித்துச் செய்வதல்ல, கை தானாகப் போய்விடும்.

ஐப்பசி மழையில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குரோம்பேட்டையில் ஒரு நர்சிங் ஹோம். மேற்கிலிருந்து காற்றடித்தால் தோல் பதனிடும் ஷெட் வாடை அறைக்குள் வரும், போதாததற்கு விமானம் கூரையை உரசுகிற மாதிரி போகும். ரத்தம் எடுத்தார்கள், இதயத்துக்குப் படம் எடுத்தார்கள், மயக்க மருந்து டாக்டர் வந்து கழுத்தை நிமிர்த்தி வாயைத் திறக்கச் சொன்னார். காத்திருக்கும் இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், தனக்குப் பித்தப்பையில் கல் என்றாள். உங்களுக்கு என்ன என்றாள். பல் என்றேன். அப்படியா என்று கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள். பெரிய வியாதிக்காரர்கள் நடுவில் நான் மலிவாகிப் போனேன்.

ஆனால் பயம் மலிவாக இல்லை. தள்ளுவண்டியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுபோகும்போது நான் உயிரைப் பற்றி நினைக்கவில்லை. கண் விழிக்கும்போது பேச வருமா, பேச வருமா என்று அது ஒன்றுதான் ஓடியது. மயக்க ஊசி ஏறும்போது மனதுக்குள் நடைமேடை அறிவிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தேன். செங்கல்பட்டு வரை போய்ச் சேரவில்லை.

விழித்தபோது இடுப்பு வலித்தது. பல் என்று போய், இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினேன். கன்னம் பூசணிக்காயாக வீங்கி இடது கண் பாதி மூடியிருந்தது. வாயில் உப்பும் இரும்புமாக ஒரு ருசி. டாக்டர் ஸ்டீபன் குனிந்து, "கிழியலை மேடம். சுத்தமா முடிஞ்சது" என்றார். நான் தலையாட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் போனது. மறுநாள் தாழ்வாரத்தில் நொண்டி நொண்டி நடந்தபோது பித்தப்பை அம்மாள் என்னைப் பார்த்துவிட்டு, "பல்லுன்னு சொன்னீங்க, காலுக்கு என்ன ஆச்சு?" என்றாள். பதில் சொல்ல வாய் திறக்கவில்லை, நல்லவேளை.

தனசேகர் லீவு போட்டுவிட்டுக் கட்டிலடியில் பாய் போட்டுப் படுத்தார். கஞ்சியைத் துணியில் வடிகட்டி, ஆறவைத்து, ஸ்பூனால் ஊட்டுவார். ஊதி ஆற்றினால் அவர் எச்சில் விழும் என்று தட்டை விசிறிக்குக் கீழே பிடித்துக்கொண்டு நிற்பார். பில்லைப் பற்றி நான் கேட்டபோதெல்லாம் "மழை நின்னுடுச்சா பாரு" என்று பேச்சை மாற்றினார். வசந்தா தினமும் பஸ் மாறி வந்து எனக்குத் தலை வாரிப் பின்னிவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் விரலை மடக்கி மடக்கிச் சொன்னார். மூக்கைச் சிந்தக் கூடாது. எதையும் உறிஞ்சிக் குடிக்கக் கூடாது. தலையை உயர்த்திப் படுக்க வேண்டும். கடைசியில் குரலை மாற்றிக்கொண்டார்.

"தும்மல் வந்தா வாயை நல்லாத் திறந்து தும்மிடுங்க. மூக்கைப் பிடிச்சு அடக்கினீங்கன்னா அந்தக் காத்து முழுக்க சைனஸுக்குள்ளதான் போய் முட்டும். சவ்வு தாங்காது. வச்ச எலும்பு மொத்தமும் போயிடும்."

"சரி டாக்டர்" என்றேன். இதைவிடச் சுலபமான பத்தியம் உண்டா என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் வசந்தாவுக்கு வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை சிங்கப்பெருமாள் கோவில். இரண்டு பக்கமும் பிடித்துப்போய், பேசி முடிக்க மாமனாரும் தனசேகரும் கிளம்பினார்கள். மழை விட்டு வெயிலடித்த காலை. தட்டில் பழம், வெற்றிலை பாக்கு, பூ. மாமனார் வெள்ளை வேட்டி கட்டி, ஒரு சிட்டிகை பொடி போட்டு, கையைத் தட்டிக்கொண்டு வாசல்படி இறங்கினார். அந்தப் பொடியின் நெடிதான். வசந்தா கதவுக்குப் பின்னால் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றாள். முதல் வரன் தட்டிப் போனபின் அவள் எத்தனை நாள் சாப்பிடாமல் கிடந்தாள் என்பது எனக்குத் தெரியும். மூக்கின் உச்சியில் அரிப்பு ஏறியது. டாக்டர் சொன்னது ஞாபகத்துக்கு வந்ததா என்று பலபேர் கேட்டுவிட்டார்கள். வந்தது. ஆனால் கை அதற்குள் மூக்குக்குப் போய்விட்டது.

கன்னத்துக்குள் ஏதோ விட்டுக்கொடுத்தது. துணி கிழிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம், அது எனக்கு மட்டும் கேட்டது. தொண்டையில் சூடாக இறங்கியது. "போய்ட்டு வரேம்மா" என்றார் மாமனார். வாயைத் திறந்தால் ரத்தம் தெரியும் என்று தலையை மட்டும் ஆட்டினேன். சிரிக்கவும் சிரித்தேன். அவர்கள் முனை திரும்பியபின் குளியலறைக்கு ஓடினேன். மூக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது. அதில் வெள்ளையாக, நொய்யரிசி அளவில் ஒரு துணுக்கு. விரலால் தொட்டுப் பார்த்தேன். என் இடுப்பு எலும்பு.

"அண்ணி, என்னா ஆச்சு அண்ணி?" என்று வசந்தா கத்தினாள். கழுத்தைச் சாய்த்துப் பஞ்சை வைத்துக்கொண்டு அவளுக்குக் கையால் ஜாடை காட்டினேன், ஒன்றுமில்லை என்று. அவள் நம்பவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஓடிப்போய் டாக்டருக்குப் போன் செய்தாள். சாயங்காலமே வரச் சொல்லிவிட்டார்.

மத்தியானம் மாமனார் சந்தோஷமாக வந்தார். தை மாதம் கல்யாணம். வாசலிலேயே சத்தமாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், என் முகத்தைப் பார்த்து நின்றார். வசந்தா விஷயத்தைச் சொன்னாள். தனசேகருக்கு வந்த கோபத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என்மேல் காட்ட முடியாமல் அப்பாவிடம் திரும்பினார்.

"உங்க சகுனத்துக்காகத்தான்பா அடக்கியிருக்கா. நீங்க தண்ணி குடிச்சுட்டுப் போயிருந்தா என்ன, குடி முழுகியிருக்குமா?"

மாமனார் தட்டைக் கீழே வைத்துவிட்டு வெளியே போனார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அதைவிட அதிகமாகக் கோபமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

டாக்டர் ஸ்டீபன் விளக்கடித்துப் பார்த்தார், படமெடுத்துப் பார்த்தார். திட்டவில்லை, அதுதான் பயமாக இருந்தது.

"கிழிஞ்சிருக்கு. எவ்வளவுன்னு இப்பத் தெரியாது, திறந்து பார்த்தா இன்னும் கெட்டுப்போகும். சின்னதா இருந்தா தானே மூடிக்கும். பெரிசா இருந்தா எலும்பு உள்ள கொட்டிச் சீழ் பிடிக்கும். காய்ச்சல் வந்தாலோ, மூக்குல கெட்ட வாடை வந்தாலோ உடனே வந்துடுங்க. எல்லாத்தையும் சுரண்டி எடுத்துடணும்."

"அப்புறம்?"

"அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு அந்தப் பக்க இடுப்பிலேர்ந்து மறுபடி எடுக்கலாம்."

எனக்கு அந்த ஒரு வருஷம் இல்லை. பார்சல் ஆபீஸின் சணல் வாடை அப்போதே மூக்கில் ஏறியது. வெளியே வந்ததும் நிஜமாகவே ஒரு கெட்ட வாடை. தெருவில் நின்று தனசேகரின் கையைப் பிடித்துக்கொண்டேன். "ஏங்க, இது தோல் ஷெட்டா, நானா?" அவர் நடுத்தெருவில் என் முகத்தருகே குனிந்து மோந்து பார்த்தார். போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஷெட்டுதான்" என்றார்.

அடுத்து வந்த வாரங்களை நான் மோந்து பார்த்தே கழித்தேன். காலையில் எழுந்ததும் தலையணையை மோப்பேன், கைக்குட்டையை மோப்பேன், தனசேகரை எழுப்பி என்னை மோக்கச் சொல்வேன். பாதித் தூக்கத்தில், "ஒண்ணும் இல்ல, பல்பொடி வாசனைதான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுப்பார். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்ததில் எனக்கு எப்போதுமே காய்ச்சல் இருப்பது போலவே இருந்தது. தகடு போடக் கூடாது என்பதால் கன்னம் குழிந்து, பேச்சு குழறி, லீவை நீட்டித்துக்கொண்டே போனேன். மாலை வண்டி நேரத்தில் வானொலியைச் சத்தமாக வைத்துக்கொள்வேன். காற்று வாக்கில் ஸ்டேஷன் ஒலிபெருக்கி கேட்டுவிடுமோ, அதில் வேறு யாருடைய குரலாவது இருக்குமோ என்றுதான். அவ்வளவு தூரம் கேட்காது என்பது எனக்கே தெரியும்.

வீட்டில் இரண்டு விஷயம் மாறியிருந்தது. மாமனாரின் பொடி டப்பா அலமாரியில் இல்லை. விட்டுவிட்டாரா, ஒளித்துவைத்துப் போடுகிறாரா என்று யாரும் கேட்கவில்லை. அவர் மூக்கு மட்டும் எந்நேரமும் சிவந்திருந்தது. இன்னொன்று, அவர் வெளியே கிளம்பும்போது செய்த காரியம். செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி உள்ளே பார்த்துக் குரல் கொடுப்பார்.

"எம்மா கஸ்தூரி! நான் கெளம்பிக்கினு கீறேன். தும்மறதா இருந்தா இப்பவே தும்மிடும்மா!"

பதிலுக்கு நான் உள்ளிருந்து, "இல்ல மாமா, போய்ட்டு வாங்க" என்று சொல்ல வேண்டும். சொல்கிற வரை நகர மாட்டார். முதல் நாள் எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. தெருக்காரர்கள் சிரித்தார்கள். தனசேகர்கூட வேலைக்குப் போகும்போது அதே மாதிரி கேட்க ஆரம்பித்தார். வசந்தா கல்யாணத்தில் ஹோமப் புகைக்குப் பயந்து என்னைச் சமையல்கட்டுப் பக்கம் உட்காரவைத்தார்கள். அங்கே தாளிக்கிற நெடியில் தும்மினேன், வாயைத் திறந்து, மண்டபம் திரும்பிப் பார்க்க. ஆனால் ஒவ்வொரு முறையும் கை முதலில் மூக்குக்குத்தான் போனது. பாதி வழியில் பிடித்து இறக்குவேன். அப்போதெல்லாம் அந்தக் கை எனக்கு அடங்கவில்லை.

சித்திரையில் படமெடுக்கச் சொன்னார் டாக்டர். தலையைச் சுற்றி வரும் பெரிய எக்ஸ்ரே, அதற்கு நகரத்துக்குள் போக வேண்டும். எலும்பு நின்றிருக்கிறதா இல்லையா என்பது அன்றைக்குத் தெரிந்துவிடும். தனசேகர் ஸ்கூட்டரை வெளியே தள்ளினார். நான் பழைய படங்களின் உறையை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டினேன். எதிர் மனையில் லாரி மண் கொட்டிக்கொண்டிருந்தது, தெருவெல்லாம் புழுதி. ஏதோ தோன்றித் திரும்பிப் பார்த்தேன்.

மாமனார் வராந்தாவில் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார். தோள் குலுங்கியது. பக்கவாட்டில் முகம் தெரிந்தது, கருஞ்சிவப்பாக. இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. பொடியை விட்டபின் அவர் மூக்கு மறுபடி மூக்காகிவிட்டது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"அடக்காதீங்க மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடினேன். "தும்முங்க!"

அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். நான் அவர் கையைப் பிடித்து இழுத்தேன். மருமகள் மாமனார் கையைப் பிடித்து இழுப்பதைத் தெரு பார்த்தது. தும்மினார். நாற்பது வருஷத்துத் தும்மல் அது, லாரிக்காரர் எட்டிப் பார்த்தார். பிறகு நாங்கள் மூவரும் நின்றோம், இன்னொன்று வரட்டும் என்று. அவர் வாயைத் திறந்து, முகத்தை மேலே தூக்கி, வெயிலைப் பார்த்துக் காத்திருந்தார். வரவில்லை. என் கன்னத்துக்குள் இருந்ததைத் தன் கையாலேயே உடைத்துவிட்டது போல அவர் முகம் ஆகிவிட்டது.

"உள்ள வந்து குந்தும்மா" என்றார் மெதுவாக. "ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ."

அவருக்குத் தண்ணீரில் நம்பிக்கை கிடையாது என்று எனக்குத் தெரியும். அவர் எதிரிலேயே நின்று, வாயைப் பெரிதாகத் திறந்து, "ஹச்!" என்றேன். நடிப்பு மோசம். மைக்குக்குப் பழகிய குரல் என்பதால் சத்தம் மட்டும் பெரிதாக இருந்தது.

"ரெண்டாச்சு மாமா. கிளம்பறேன்."

அவர் என்னையே பார்த்தார். பிறகு, "போய்ட்டு வா" என்றார்.

எக்ஸ்ரே அறையில் மோவாயை ஒரு மேடையில் வைத்து, நெற்றியை இரண்டு பக்கமும் இறுக்கி, அசையாதீர்கள் என்றார்கள். எந்திரம் என் தலையைச் சுற்றி ஊர்ந்தது. ஈரம் காயாத படத்தைச் சாயங்காலம் குரோம்பேட்டைக்கு எடுத்துப் போனோம். டாக்டர் விளக்கு முன்னால் பிடித்தார். பழைய படத்தைப் பக்கத்தில் பிடித்தார். மறுபடி புதியதைப் பிடித்தார். தனசேகர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

"பின்பக்க ஓரத்துல கொஞ்சம் சரிஞ்சுபோயிருக்கு" என்றார். "அங்க திருகு போட முடியாது. மூணு இடத்துக்கு ரெண்டுதான். ஆனா மத்த இடத்துல" என்று பேனாவால் வெள்ளையாக இருந்த ஒரு திட்டைத் தட்டினார், "எலும்பு நின்னுடுச்சு மேடம். சவ்வு தானே மூடியிருக்கு. உங்களுக்கு அதிர்ஷ்டம்." தனசேகர் முதன்முறையாக எதற்கும் தடிமன் கேட்கவில்லை. கர்ச்சீப்பை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

திருகு இறங்கி, இறுகி, அதன்மேல் பல் ஏற தீபாவளியும் வந்துவிட்டது. மேலதிகாரி கொடுத்த கெடு முடிகிற நேரத்தில் மைக் முன்னால் உட்கார்ந்து விசிறியை நிறுத்தினேன். சைதாப்பேட்டை, சிங்கப்பெருமாள் கோவில், செங்கல்பட்டு. சீழ்க்கை இல்லை. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை, யாரும் சிரிக்கவில்லை, எல்லோரும் அவரவர் வண்டிக்கு ஓடினார்கள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது.

சில நாள் கழித்து மாமனார் மகள் வீட்டுக்குப் போக ஸ்டேஷனுக்கு வந்தார். கையில் முறுக்குப் பொட்டலம். என் அறை ஜன்னலுக்கு வெளியே நின்று, "நல்லாக் கேக்குதும்மா" என்றார்.

"எல்லாம் அன்னிக்கு விழுந்த ரெட்டைத் தும்மல்தான் மாமா" என்று சீண்டினேன்.

"அது பொய்த் தும்மல்னு எனக்குத் தெரியாதா இன்னா?"

எனக்கு முகம் சுண்டிப்போனது. "தெரிஞ்சுமா போகச் சொன்னீங்க?"

"நீ தும்மனதை யாரு பாத்தா? உன் கையைத்தான் பாத்துக்கினு இருந்தேன். நம்ம வூட்டுக்கு வந்ததுலேர்ந்து தும்மல்னா உன் கை மூக்காண்டதான் போவும். நான் சொல்லிச் சொல்லிப் பழக்கினது. அன்னிக்குப் போவலை." முறுக்குப் பொட்டலத்தைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார். "அப்பவே தெரிஞ்சிபோச்சு, நல்ல சேதிதான் வரும்னு."

பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவருடைய வண்டிக்கு நேரமாகிவிட்டது. விசிறியை நிறுத்தினேன், மைக்கைப் போட்டேன், சிங்கப்பெருமாள் கோவில் வழியாகச் செங்கல்பட்டு செல்லும் வண்டி என்று சொன்னேன். அவர் அறிவிப்பு முடியும்வரை ஒலிபெருக்கிக்குக் கீழே நின்று கேட்டுவிட்டுத்தான் ஏறினார். வண்டி நகர்ந்து கண்ணுக்கு மறைகிற வரை நான் தும்மவில்லை. அடக்கவில்லை, வரவில்லை.